மருந்து கேட்காத கிருமியும் மருத்துவமனைச் சாக்கடையும்

மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இரண்டு வட்டத் தட்டுகள் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் வைக்கோல் நிறத்தில் அகார் கூழ் உறைந்திருக்கிறது. அதன்மேல் பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் சீராகப் பூசி, ஆறு மில்லிமீட்டர் அகலமே உள்ள காகித வில்லைகளை இடைவெளி விட்டுப் பதித்து, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருந்து காலையில் வெளியே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் ஒன்று தோன்றும்; ஆய்வக ஊழியர் அதன் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்வார். மெரோபெனம் என்னும் மருந்தின் 10 மைக்ரோகிராம் வில்லையைச் சுற்றி 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வட்டம் இருந்தால், குடல்வகைப் பாக்டீரியாவுக்கு அந்த மருந்து பலிக்கும் என்று பொருள். 19 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் பலிக்காது. நம் முன்னால் இருக்கும் இரண்டு தட்டுகளிலும் வட்டமே இல்லை. வில்லையின் விளிம்பை ஒட்டி, மருந்து அங்கே இருப்பதையே அறியாததுபோல், கிருமி படர்ந்திருக்கிறது.

முதல் தட்டில் உள்ளது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து வந்தது. இரண்டாவது, அதே கட்டடத்தின் கழிவுநீர்க் குழாயிலிருந்து வந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் எது எங்கிருந்து எங்கே போனது என்னும் கேள்விதான் கடந்த பல ஆண்டுகளாக நுண்ணுயிரியலாளர்களை மருத்துவமனைச் சாக்கடைப் பக்கம் திருப்பியிருக்கிறது. அதற்கு விடை தேடுவதற்கு முன் சில அடிப்படைகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பழகிப்போவது உடம்பல்ல

"அந்த மாத்திரை எனக்குக் கேட்பதில்லை, உடம்புக்குப் பழகிவிட்டது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். வலி மாத்திரையைப் பற்றியோ தூக்க மாத்திரையைப் பற்றியோ அப்படிச் சொன்னால் அதில் ஓரளவு பொருள் உண்டு. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் அது தவறான புரிதல். இங்கே மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது நோயாளியின் உடம்பல்ல, அந்த உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியா. வாழ்நாளில் ஒரு முறைகூட ஆன்டிபயாட்டிக் சாப்பிடாத ஒருவருக்கும் மருந்து கேட்காத கிருமி தொற்றலாம். அந்தக் கிருமி தன் எதிர்ப்பாற்றலை வேறெங்கோ பெற்றுக்கொண்டு வந்திருக்கும்.

அந்த எதிர்ப்பாற்றல் ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு. எதிர்ப்பு மரபணுக்கள் தரும் குறிப்புகள் பலவகை. சில மரபணுக்கள் உள்ளே நுழைந்த மருந்தை வெளியேற்றும் பம்பைச் செய்கின்றன. வேறு சில, மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தை மாற்றிவிடுகின்றன. இன்னும் சில, மருந்தையே உடைத்தெறியும் நொதியைச் செய்கின்றன. நம் கதைக்கு முக்கியமானது இந்தக் கடைசி வகை.

பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின்கள், மெரோபெனம் போன்ற கார்பாபெனம்கள் எல்லாம் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூலக்கூறில் பீட்டா-லாக்டம் எனப்படும் நான்கு அணுக்களாலான ஒரு வளையம் இருக்கிறது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் இந்த வளையம் போய் மாட்டிக்கொள்வதால் சுவர் கட்டும் வேலை நின்று கிருமி வெடித்துச் சாகிறது. அந்த வளையத்தை உடைக்கும் நொதி கிருமியிடம் இருந்துவிட்டால் மருந்து வெறும் குப்பையாகிவிடும். இப்படிப்பட்ட நொதி ஒன்று இருப்பதை எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் 1940இலேயே அறிவித்துவிட்டார்கள். பெனிசிலின் நோயாளிகளிடம் பரவலாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே அதை முறிக்கும் ஆயுதம் பாக்டீரியாவின் கையில் இருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெனிசிலினை நாம் கண்டுபிடித்தோமே தவிர உண்டாக்கவில்லை. அது பூஞ்சை செய்வது. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று வேதிப்பொருள்களால் தாக்கிக்கொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் பீட்டா-லாக்டம், டெட்ராசைக்ளின் போன்றவற்றுக்கு எதிரான மரபணுக்கள் இருந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எதிர்ப்பு மரபணுவை மனிதன் படைத்தான் என்று சொல்ல முடியாது. மண்ணில் ஒரு மூலையில் கிடந்ததை எடுத்து, மனிதக் குடலில் வாழும் கிருமிகளிடம் சேர்த்து, அவை மட்டும் பிழைத்துப் பெருகும் சூழலை ஏற்படுத்திக் கொடுத்ததே நம் பங்கு. அந்தப் பங்கும் சிறியதல்ல. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணமாக 2019இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது 2022இல் வெளியான மதிப்பீடு.

கைமாறும் வளையம்

பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது தன் மரபணுக்களை இரண்டு சேய்களுக்கும் கொடுக்கிறது. பரம்பரைச் சொத்து இறங்குவதைப் போன்ற இந்த வழி எல்லோருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் பாக்டீரியாக்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் மருத்துவமனைக் கழிவுநீரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பாக்டீரியாவின் முதன்மையான குரோமோசோமுக்கு வெளியே, தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையங்கள் இருக்கலாம். இவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று 1952இல் பெயரிட்டவர் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க். பிளாஸ்மிட் இல்லாமலும் கிருமி வாழ முடியும். இருந்தால் சில நேரம் ஆதாயம். பல பிளாஸ்மிட்கள் தம்மைத் தாமே கடத்திக்கொள்ளும் கருவிகளையும் உடன் கொண்டிருக்கின்றன. ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ள இன்னொன்றைச் சிறு இழை ஒன்றால் பற்றி இழுத்து, நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மிட்டின் ஒரு படியை அதற்குள் செலுத்துகிறது. பெறுகின்ற பாக்டீரியா தன் இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தந்தை சொத்து மகனுக்குப் போவதோடு நில்லாமல், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவரிடமும் சொத்து அப்படியே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இது ஏட்டளவுச் செய்தி அல்ல என்பதை முதலில் உணர்ந்தவர்கள் ஜப்பானியர்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானில் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாக் கிருமிகள் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிக்கால் ஆகிய நான்குக்கும் ஒருசேரக் கட்டுப்படாமல் போயின. நான்கு தனித்தனி மாற்றங்கள் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான்கு எதிர்ப்பும் ஒரே பொட்டலமாக, குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவிலிருந்து ஷிகெல்லாவுக்குக் கைமாறுகிறது என்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் 1959இல் காட்டினார்கள்.

பொட்டலம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். ஒரே பிளாஸ்மிட்டில் பல எதிர்ப்பு மரபணுக்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும்போது, அவற்றில் ஏதேனும் ஒன்று பயன்பட்டாலும் மற்ற எல்லாமே காப்பாற்றப்படுகின்றன. தரை துடைக்கும் கிருமிநாசினியைத் தாங்குவதற்கான மரபணு சில வேளைகளில் சல்ஃபா மருந்தைத் தாங்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மருந்தை மட்டும் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தால் அதற்கான எதிர்ப்பு தானாக மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பல இடங்களில் பொய்த்துப் போனதற்கு இது ஒரு காரணம்.

புது தில்லியின் பெயர் கொண்ட நொதி

2008இல் சுவீடனைச் சேர்ந்த, இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா கண்டெடுக்கப்பட்டது. அவர் அதற்கு முன் புது தில்லியில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தார். அந்தக் கிருமி கார்பாபெனம்களையும் உடைத்தது. உடைத்த நொதி அதுவரை அறியப்படாதது. செயல்படத் துத்தநாக அயனிகள் தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அதற்கான மரபணு 813 எழுத்துகள் நீளம் (டி.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வோர் அலகையும் ஓர் எழுத்து என்பார்கள்), அது தரும் புரதம் 270 அமினோ அமிலங்கள் நீளம். 2009இல் வெளியான கட்டுரை இதற்குப் புது தில்லியின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்-1 என்று பெயரிட்டது. பெயரை நினைத்து இந்தியாவில் பெரும் கோபம் எழுந்தது. இத்தாலியின் வெரோனா, பிரேசிலின் சாவோ பாலோ ஆகிய நகரங்களின் பெயரிலும் இதே வகை நொதிகள் முன்பே இருந்தன என்பதால் வழக்கத்துக்கு மாறாக ஏதும் நடந்துவிடவில்லை; ஆனாலும் ஊர்ப் பெயரை நோயோடு கட்டிவிடுவது நல்ல வழக்கமா என்ற கேள்வி நியாயமானது. கோபத்தில் செலவான நேரம் கிருமியைத் தேடுவதில் செலவாகியிருக்கலாம் என்பது என் கருத்து.

அந்த முதல் கட்டுரையில் எளிதில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. அதே நோயாளியின் மலத்தில் இருந்த வேறொரு பாக்டீரியாவான ஈ.கோலையிடமும் இந்த மரபணு இருந்தது. கிளெப்சியெல்லாவிடம் அது இருந்த பிளாஸ்மிட்டின் நீளம் சுமார் 1,80,000 எழுத்துகள், ஈ.கோலையிடம் சுமார் 1,40,000. மரபணு அந்த ஒரு மனிதரின் குடலுக்குள்ளேயே இனம் தாண்டியிருந்தது என்று கருத இடமுண்டு.

அடுத்த ஆண்டு, அதாவது 2010இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு வெளியாயிற்று. என்.டி.எம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கிடைத்திருந்தன. பெரும்பாலும் கோலிஸ்டின், டைகெசைக்ளின் என்னும் இரண்டு மருந்துகளே அவற்றுக்கு எதிராக எஞ்சி நின்றன. நாளிதழ்கள் எண்ணிக்கையையே எழுதின. தொடக்கநிலை வாசகருக்கு எண்ணிக்கையைவிடப் பயனுள்ள செய்தி வேறொன்று. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக் கிருமிகள் எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை, அதாவது ஒரே மூதாதைக் கிருமியிலிருந்து பிரிந்து பெருகியவை. அவற்றின் பிளாஸ்மிட்கள் சோதனையில் வேறு கிருமிகளுக்குத் தாவவில்லை. சென்னையில் கிடைத்தவையோ பல குலங்களைச் சேர்ந்தவை; அவற்றின் பிளாஸ்மிட்கள் எளிதில் தாவின.

ஒரே மரபணு, இரண்டு ஊர், இரண்டு வகைப் பரவல். ஓரிடத்தில் ஒரு கிருமிக் குலம் பெருகிப் படுக்கைக்குப் படுக்கை பரவுகிறது. அதைத் தடுக்கக் கை கழுவுதலும் நோயாளியைத் தனிமைப்படுத்துதலும் உதவும். இன்னோர் இடத்தில் கிருமிகள் வெவ்வேறு. பரவுவது அவற்றுக்கிடையே தாவும் பிளாஸ்மிட். கிருமியின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டாவது பரவல் கண்ணில் படவே படாது. நம் இரண்டு தட்டுகளையும் இந்தக் கண்ணோட்டத்தோடுதான் அணுக வேண்டும்.

ஏன் சாக்கடை

எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பவர்களில் பலர் நோயாளிகளே அல்லர். மரபணு உள்ள கிருமி குடலில் அமைதியாகக் குடியிருக்கும். காய்ச்சலும் இருக்காது, அறிகுறியும் இருக்காது. அப்படிப்பட்டவரை ஆய்வகப் பரிசோதனை தவறவிடலாம், ஆனால் கழிவறை தவறவிடாது. மருத்துவமனையின் வடிகாலில் எல்லா வார்டுகளின் குடல் பாக்டீரியாக்களும் ஒன்றுகூடுகின்றன. அதோடு மருந்தும் வந்து சேர்கிறது. மெரோபெனத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் உடம்பில் மாறாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் இன்னோர் ஆன்டிபயாட்டிக்கிலும் கணிசமான பகுதி அப்படியே. குழாயின் உட்சுவரில் பாசிபோல் வழவழப்பான படலம் ஒன்று படிந்து, அதற்குள் பலவகைப் பாக்டீரியாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வாழ்கின்றன. தொட்டுக்கொண்டால்தான் பிளாஸ்மிட் கைமாறும் என்பதால் அந்தப் படலம் அதற்கு வாய்ப்பான இடம்.

வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. 2011இல் நுண்ணுயிரியலாளர் டிமோத்தி வால்ஷின் குழு புது தில்லியின் நடுப்பகுதியிலிருந்து 171 தேங்கல் நீர் மாதிரிகளையும் 50 குழாய்நீர் மாதிரிகளையும் எடுத்து ஆராய்ந்தது. தெருவோரம் தேங்கிய, கசிந்தோடிய நீரில் 51 மாதிரிகளிலும், குழாய்நீரில் 2 மாதிரிகளிலும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. நீரிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட பாக்டீரியாக்களில், அதற்கு முன் இந்த மரபணு காணப்படாத 11 இனங்கள் இருந்தன; காலராக் கிருமியும் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாய்டியும் அவற்றில் அடக்கம். பிளாஸ்மிட் எந்த வெப்பத்தில் அதிகமாகத் தாவுகிறது என்றும் அவர்கள் பார்த்தார்கள். 25 டிகிரியிலும் 37 டிகிரியிலும் நடந்ததைவிட 30 டிகிரியில் அது கூடுதலாக நடந்தது. 37 என்பது மனித உடலின் வெப்பம். 30 என்பது நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி சாக்கடை நீர் இருக்கும் நிலைக்கு நெருக்கமானது.

இங்கே ஒரு குறிப்பு. அந்த ஆய்வு மருத்துவமனைக் கழிவுநீரைப் பற்றியது அல்ல, பொதுத் தெருவைப் பற்றியது. மரபணு மருத்துவமனைக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதே அது நிறுவியது. மருத்துவமனையிலிருந்து தெருவுக்குப் போனதா, தெருவிலிருந்து மருத்துவமனைக்கு வந்ததா என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை.

இரண்டு தட்டுகளை ஒப்பிடும் முறை

இனி நம் தட்டுகளுக்குத் திரும்புவோம். இரண்டிலும் வட்டம் இல்லாததால் இரண்டு கிருமிகளும் மெரோபெனத்துக்குக் கட்டுப்படவில்லை என்று தெரிகிறது. ஏன் கட்டுப்படவில்லை என்பதைத் தட்டு சொல்லாது. ஒன்றில் என்.டி.எம். இருக்கலாம், இன்னொன்றில் முதன்முதலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் கண்டறியப்பட்ட கே.பி.சி. என்னும் வேறொரு நொதி இருக்கலாம்; துருக்கியில் முதலில் காணப்பட்ட ஓக்சா-48 இருக்கலாம். எனவே அடுத்த படி பி.சி.ஆர். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே முறைதான். குறிப்பிட்ட ஒரு மரபணு மாதிரியில் உண்டா இல்லையா என்று அது சொல்லும். இரண்டிலும் என்.டி.எம். இருக்கிறது என்று விடை வந்தால் உடனே "நோயாளியின் கிருமி சாக்கடையில் கிடைத்தது" என்று எழுதிவிடும் ஆசை வரும். எழுதக் கூடாது. ஒரே மாடல் கைக்கடிகாரம் இரண்டு பேர் கையில் இருப்பதால் ஒருவர் மற்றவரிடமிருந்து வாங்கினார் என்றாகிவிடாது.

அதற்கு அடுத்த படி முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான கருவிகள் டி.என்.ஏ.வைச் சில நூறு எழுத்துகள் கொண்ட துணுக்குகளாகவே படிக்கும். பிளாஸ்மிட்களில் ஒரே மாதிரியான பகுதிகள் திரும்பத் திரும்ப வருவதால் துணுக்குகளை எந்த வரிசையில் ஒட்டுவது என்று தெரியாமல் போகும். பாதிப் பக்கங்கள் ஒன்றுபோலவே இருக்கும் புத்தகத்தைக் கிழித்துப் போட்டு மீண்டும் அடுக்குவதைப் போன்ற வேலை அது. பல ஆயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நெடுவாசிப்புக் கருவிகள் வந்த பிறகுதான் பிளாஸ்மிட்டை முழு வளையமாகப் பார்த்து ஒப்பிடுவது எளிதாயிற்று.

இதைச் செய்து பார்த்த நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனையில் இருக்கிறது. 2011இல் அங்கே கே.பி.சி. நொதி கொண்ட கிளெப்சியெல்லா 18 நோயாளிகளிடம் பரவியது. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் 6 பேரின் இறப்புக்கு அந்தத் தொற்றே காரணம் என்று கணக்கிடப்பட்டது. முதல் நோயாளி வீடு திரும்பிய மூன்று வாரங்களுக்குப் பிறகே இரண்டாமவரிடம் கிருமி வெளிப்பட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அந்த வார்டில் இருந்ததில்லை. முழு மரபணு வாசிப்பின் வழியே யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்ற சங்கிலியை ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். பின்னர் அதே மருத்துவமனையில் கைபடும் பரப்புகள், கைகழுவும் தொட்டிகளின் வடிகால்கள், தீவிர சிகிச்சைப் பிரிவின் குழாய்கள், கட்டடத்துக்கு வெளியே உள்ள ஆள்நுழைகுழிகள் ஆகியவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்போது நோயாளிகளிடம் இந்தத் தொற்று மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் குழாய்க் கழிவுநீரிலும் வெளியே உள்ள குழிகளிலும் எடுத்த மாதிரிகள் அனைத்திலும் கார்பாபெனத்தை உடைக்கும் கிருமிகள் இருந்தன. நோயாளிகளிடம் இருந்த இனங்களும் குழாயில் இருந்த இனங்களும் பெரிதும் வேறுபட்டன. அதே வேளையில் பிளாஸ்மிட்களின் அடிப்படைச் சட்டகம் சிலவற்றில் இரு பக்கமும் ஒன்றாக இருந்தது.

இந்த முடிவைச் சற்று நின்று படிக்க வேண்டும். கிருமியின் பெயரை மட்டும் ஒப்பிட்டிருந்தால் "தொடர்பில்லை" என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். மரபணுவை மட்டும் ஒப்பிட்டிருந்தால் "ஒன்றேதான்" என்று எழுதியிருப்பார்கள். இரண்டுமே தவறாகியிருக்கும். நோயாளியிடமிருந்து வந்த கிருமிகள் குழாயில் நிலைக்காமல் போயிருக்கலாம். அவை கொண்டுவந்த பிளாஸ்மிட்கள் குழாயிலேயே காலங்காலமாக வாழும் வேறு பாக்டீரியாக்களிடம் தங்கிவிட்டிருக்கலாம்.

குழாயிலிருந்து படுக்கைக்கு

வடிகாலில் இருக்கும் கிருமி மேலே ஏறி வருமா என்று கேட்பது இயல்பு. வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரே மாதிரியான கைகழுவும் தொட்டிகளை வரிசையாக அமைத்து, ஒளிரும் ஈ.கோலையைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாயில் விட்டுப் பார்த்தார்கள். வளைகுழாயில் மட்டும் கிருமி இருந்தபோது குழாயைத் திறந்தாலும் அது வெளியே தெறிக்கவில்லை. ஆனால் கிருமிக்கு உணவாகும் திரவத்தை அவ்வப்போது ஊற்றி வந்தபோது, குழாயின் உட்சுவரில் நாளொன்றுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் படலம் மேல்நோக்கி வளர்ந்து, ஒரு வாரத்தில் தொட்டியின் வடிகால் வாயில் உள்ள சல்லடையை எட்டியது. அதன் பிறகு தண்ணீர் விழும்போதெல்லாம் துளிகளோடு கிருமியும் தொட்டியைச் சுற்றித் தெறித்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வைப் படித்துவிட்டு நம் வார்டுகளை நினைத்துப் பார்த்தால், குடித்து மீந்த தேநீர், பால், கஞ்சி, பாட்டிலில் எஞ்சிய குளுக்கோஸ் எல்லாம் எந்தத் தொட்டியில் கொட்டப்படுகின்றன என்பது நினைவுக்கு வரும்.

எண்களைப் படிப்பதில் கவனம்

கழிவுநீரில் மரபணு அளவை எழுதும் செய்திகள் அச்சமூட்டும் வகையில் வருவதுண்டு: ஒரு மில்லிலிட்டரில் இத்தனை லட்சம் மரபணுப் படிகள் என்று. மொத்தப் பாக்டீரியா எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நீர் கலங்கலாக இருந்தால் எல்லா மரபணுவும்தான் கூடுதலாக இருக்கும். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் பி.சி.ஆர். எண்ணிவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆற்றிலோ ஏரியிலோ எதிர்ப்பு மரபணு கூடுதலாக இருந்தால் அங்கே மருந்து எச்சம் கிருமிகளை வடிகட்டித் தேர்வு செய்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மனிதக் குடல் பாக்டீரியாவில் மட்டுமே வாழும் கிராஸ்ஃபேஜ் என்னும் வைரஸை அளவுகோலாக வைத்து 2019இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான இடங்களில் மரபணு அளவு மலக் கலப்பின் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டியது. அதாவது மரபணு அங்கே உருவாகவில்லை, மலத்தோடு வந்து சேர்ந்தது. விதிவிலக்காக நின்றவை மருந்து ஆலைக் கழிவு சேரும் இடங்கள். ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஜோக்கிம் லார்சன் குழுவினர் எழுதியிருந்தார்கள். அது நோயாளியின் இரத்தத்தில் அந்த மருந்து எட்டும் உச்ச அளவையும் மிஞ்சியது. மருத்துவமனைக் கழிவுநீர் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: மலமும் உண்டு, மருந்தும் உண்டு. எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், ஆய்வகம் முதலிய இடங்களின் திரவக் கழிவைப் பிற கழிவுநீரோடு கலப்பதற்கு முன் பதப்படுத்த வேண்டும் என்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்கள் பாக்டீரியாவின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அவை அழுக்கை நீக்க வடிவமைக்கப்பட்டவை, மரபணுவை நீக்க அல்ல. நீக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி அடிக்கசடில் போய்த் தங்குகிறது. குளோரின் கிருமியைக் கொன்றாலும் அதன் டி.என்.ஏ. சிதையாமல் எஞ்சலாம், சிலவகைப் பாக்டீரியாக்களால் அப்படி மிதக்கும் டி.என்.ஏ.வை உள்வாங்கிக்கொள்ளவும் முடியும்.

நோயாளியின் பக்கம் இருந்து தொடங்கிய ஒரு முயற்சியும் இருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2014இல் தீவிர சிகிச்சை அறைகளிலிருந்து கைகழுவும் தொட்டிகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். கைக்கு ஆல்கஹால் கலவை, உடம்பு துடைக்க ஈரத்துணிப் பொட்டலம், மாத்திரை கரைக்கப் புட்டிநீர் என்று தண்ணீர்க் குழாய் இல்லாமலேயே பராமரிப்பு முறையை மாற்றி அமைத்தார்கள். அதன் பிறகு நோயாளிகளிடம் கிராம்-நெகட்டிவ் கோல்வடிவக் கிருமிகள் (குடல்வகைப் பாக்டீரியாக்களும் அடங்கிய பெரும்பிரிவு) குடியேறும் வீதம், தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் தங்கிய 1,000 நாட்களுக்கு 26.3 என்பதிலிருந்து 21.6 ஆகக் குறைந்தது. ஓரிரு நாட்கள் தங்கியவர்களிடம் வேறுபாடு சிறிது. இரண்டு வாரத்துக்கு மேல் படுத்திருந்தவர்களிடம் அது பன்மடங்கு.